எங்கள் வீட்டு முசலும் 1885ஆம் ஆண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை முசல் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். மகள் அடம்பிடித்துக் கொண்டுவந்தது. பெயர் பஞ்சு. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு கிழமைக்குள் வால் பக்கம் எப்போதும் ஈரம். பிறகு அந்த இடத்தில் மயிர் கொட்டி, தோல் நெருப்பில் சுட்டதுபோல் சிவந்துவிட்டது. நாங்கள் செய்த முதல் வேலையே பிழை. அழுக்காக இருக்கிறதே என்று சவர்க்காரம் போட்டு முழுசாகக் குளிப்பாட்டினோம். அன்றிரவு அது நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து மகளும் உம்மாவும் விடியும் வரை தூங்கவில்லை.

பக்கத்து வீட்டு நானா நல்ல மனிதர். வந்து பார்த்துவிட்டு, “சேர், இதை வச்சுக்கொண்டு ஏன் மினக்கெடுறீங்க? முசல் ஹலால்தானே, அறுத்திருந்தா இவ்வளவு கரைச்சல் இல்லையே” என்றார். அவர் சொன்னதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. மர்ருள் ழஹ்ரான் என்ற இடத்தில் முயலைத் துரத்திப் பிடித்ததும், அபூதல்ஹா ரழியல்லாஹு அன்ஹு அதை அறுத்து ரஸூலுல்லாஹ்வுக்கு ஒரு பங்கு அனுப்பியதும், அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதும் புகாரியில் இருக்கிறது. ஆனால் மகள் எதுவும் பேசாமல் எழும்பி உள்ளே போய்விட்டாள். இரவு என்னிடம் கேட்டது வேறொரு கேள்வி: “வாப்பா, முசலுக்குக் கால் ஏலாமப் போனா என்ன மருந்து குடுக்கணும் எண்டு டொக்டருக்கு எப்படித் தெரியும்?”

நான் வரலாறு படிப்பிக்கிறவன். பதில் தெரியாமல் இருக்கக் கூடாத கேள்வி. தேடினேன். தேடிக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கால் ஒரு வருத்தம், தோல் இன்னொரு வருத்தம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரண்டும் ஒன்றுதான் என்று மிருக வைத்தியர் விளங்கப்படுத்தினார். நல்ல முயல் சிறுநீர் கழிக்கும்போது பின்பக்கத்தை உயர்த்தும். காலில் பலம் இல்லாவிட்டால் உயர்த்த ஏலாது. சிறுநீர் வயிற்றிலும் தொடையிலும் ஊறி, தோல் வெந்துபோகிறது. முயலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பகல் போடும் காய்ந்த உருண்டை வேறு. அதைவிட மெதுவான, சத்துள்ள ஒரு வகைக் கழிவை அது நேரடியாகக் குனிந்து வாயில் எடுத்துத் திரும்பச் சாப்பிடும். உடம்பை வளைக்க முடியாத முயலுக்கு அதுவும் ஏலாது. அது மயிரில் ஒட்டிக் காய்ந்து புண்ணைக் கூட்டுகிறது. கால் விழுந்தால் தோல் தானாக விழும்.

கால் ஏன் விழுகிறது என்பதற்கு அவர் முக்கியமாக இரண்டு காரணம் சொன்னார். முயலின் எலும்பு மிக இலேசானது, பின்னங்கால் தசையோ மிகப் பலமானது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் அது உதறும். அந்த உதறலிலேயே தன் இடுப்பு முள்ளந்தண்டைத் தானே முறித்துக்கொள்ளும். பஞ்சுவுக்கு எக்ஸ்ரேயில் முறிவு ஒன்றும் இல்லை. மற்றக் காரணம் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. சிறுநீர் வழியாகவும் தாயிடமிருந்து குட்டிக்கும் பரவி, மூளையிலும் சிறுநீரகத்திலும் போய் இருக்கும். வருடக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் காலை முடக்கும், அல்லது தலையை ஒரு பக்கம் சரித்துவிடும்.

அந்த ஒட்டுண்ணியின் கதை 1922இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் ரைட், கிரெய்க்ஹெட் என்ற இருவர், இளம் முயல்களில் தொற்றிப் பரவும் ஒரு கால் முடக்க நோய் இருப்பதாக எழுதினார்கள். அடுத்த வருடமே பிரான்சில் அதற்குப் பெயரும் வைத்தார்கள்: என்செபாலிட்டோசூன் குனிகுலி. நான் முதலில் யோசித்தது, யாரோ முயலில் இரக்கப்பட்டுத்தான் இதைத் தேடியிருக்கிறார்கள் என்று. அப்படியில்லை. அந்தக் காலத்து ஆய்வுகூடங்களில் முயல் என்றால் சோதனைக் குழாய் மாதிரி. மனித நோய்களைப் பற்றிய பரிசோதனைகளுக்கு வைத்திருந்த முயல்களுக்குள் இப்படி ஒளிந்திருந்த நோய், பரிசோதனையின் முடிவையே குழப்பிவிடும். அதனால்தான் அது கவனத்துக்கு வந்தது.

ஆய்வுகூடத்தில் இவ்வளவு முயல்கள் ஏன் இருந்தன? அதற்கு 1885க்குப் போகவேண்டும்.

லூயி பாஸ்டர் பெயர் தெரியாத பிள்ளை இல்லை. விசர் நாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தவர் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை முயல் இருக்கிறது என்று நாங்கள் படிப்பிப்பதில்லை. விசர் நோய்க் கிருமியை அந்தக் காலத்தில் கண்ணால் பார்க்க வழியில்லை, போத்தலில் வளர்க்கவும் முடியவில்லை. ஆகவே பாஸ்டரும் அவருடைய சகா எமில் ரூவும் அதை உயிருள்ள முயலில் வளர்த்தார்கள். முயலின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு நோயை உள்ளே செலுத்துவார்கள். அது செத்ததும் அதிலிருந்து அடுத்த முயலுக்கு. அதிலிருந்து அடுத்ததற்கு. 1882 கடைசியில் தொடங்கி 1885 ஒக்டோபரில் பாஸ்டர் அறிக்கை வாசிக்கும்போது இந்தச் சங்கிலி தொண்ணூறாவது முயலளவுக்கு வந்துவிட்டது. முதலில் நோய் வெளியே தெரிய இரண்டு கிழமையளவு எடுத்தது, கடைசியில் ஏழு நாள்.

நாயைப்போல் முயல் விசர் பிடித்துக் கடித்துத் திரிவது குறைவு. அதற்குப் பெரும்பாலும் முடக்கமாகத்தான் வரும். பின்னங்கால் பலமிழந்து இழுபடும், பிறகு முழு உடம்பும் படுத்துவிடும். இதை வாசித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டேன். எங்கள் சமையலறை மூலையில் பஞ்சு இருக்கும் அதே நிலை.

செத்த முயலின் முண்ணாணை எடுத்து, கீழே பொட்டாசியம் காரம் போட்ட கண்ணாடிக் குடுவையில் நூலில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். காயக் காய நஞ்சு குறையும். பதினைந்து நாளில் ஏறக்குறைய இல்லாமலே போகும். 1885 ஜூலை 6இல் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை அவனுடைய தாய் பாரிஸுக்குக் கூட்டிவந்தாள். இரண்டு நாளுக்கு முன் விசர் நாய் கடித்திருந்தது. நன்றாகக் காய்ந்த முண்ணாணிலிருந்து தொடங்கி, நாளுக்கு நாள் புதியதுக்கு வந்து, பதின்மூன்று ஊசி. பையன் பிழைத்தான். பிறகு பாஸ்டர் நிறுவனத்திலேயே வாயிற்காவலனாக வேலை செய்தான்.

பின்லாந்து ஓவியர் எடெல்ஃபெல்ட் அதே வருடம் வரைந்த பாஸ்டரின் படம் பலர் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு கண்ணாடிக் குடுவையை உயர்த்திப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் குடுவைக்குள் தொங்குவது ஒரு முயலின் முண்ணாண். எத்தனையோ வருடம் அந்தப் படத்தை வகுப்பில் காட்டியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1907இல் நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியாவுக்கென ஒரு பாஸ்டர் நிறுவனம் வந்தது. நம் வாப்பாமார் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட கதை எல்லா வீட்டிலும் இருக்கும். விலங்கின் நரம்புத் திசுவில் செய்த ஊசி அது. இப்போது போடுவது வேறு முறையில் செய்தது, நோவும் குறைவு. அந்த வம்சத்தின் மூத்த பிள்ளைதான் பாரிஸில் தொங்கிய முண்ணாண். கண்டி டவுனில் தெருநாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும் பின்னால் கால் இழுத்த முயல்கள் இருக்கின்றன. நான் பாஸ்டரைக் குறைசொல்லவில்லை. மைஸ்டர் என் பிள்ளையாக இருந்தால் நானும் அந்த ஊசியைக் கேட்டுத்தான் நின்றிருப்பேன்.

தோலின் கதை வேறு. அதில் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

1933இல் அமெரிக்காவில் கண்ணிமைக்குப் பூசும் ஒரு சாயத்தால் பெண்களின் கண் பாதிக்கப்பட்டு, பார்வையே போன சம்பவம் பெரிதாகப் பேசப்பட்டது. 1938இல் அழகுசாதனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1944இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தில் வேலைசெய்த ஜோன் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை முறையை எழுதிவைத்தார்கள். முயலின் முதுகு மயிரை வழித்து, பொருளைப் பூசி மூடி, 24 மணித்தியாலத்திலும் 72 மணித்தியாலத்திலும் பார்ப்பது. சிவப்புக்குப் புள்ளி, வீக்கத்துக்குப் புள்ளி, பூச்சியத்திலிருந்து நான்கு வரை. கண்ணிலும் அப்படியே. முயலை ஏன் தெரிந்தார்கள்? விலை குறைவு, கண் பெரிது, பிடித்தால் கடிக்காமல் பேசாமல் இருக்கும். சத்தம் போடாததுதான் அதன் குற்றம்.

1980 ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயோர்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் போட்டு, ரெவ்லொன் நிறுவனத்தை நேரடியாகக் கேள்வி கேட்டார். அவரும் நம்மைப்போல் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசம். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மாறியது. விலங்குகளில் சோதித்த அழகுசாதனங்களை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முழுமையாகத் தடுத்தது. இந்தியாவில் 2014இல் தடை வந்தது. சில ஷம்போ போத்தல்களில் துள்ளும் முயல் படம் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டாள்: “அப்ப முன்னம் ஆக்கள் மிருகங்களுக்கு மருந்தே செய்யல்லையா?” செய்தார்கள். அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்த நாடுகளைச் சொல்லும்போது சோழர், பாண்டியர் பெயரோடு தம்பபண்ணி வரை என்று நம் தீவின் பெயரும் வருகிறது. நான்காம் நூற்றாண்டில் புத்ததாச மன்னன் யானைக்கும் குதிரைக்கும் வைத்தியர் நியமித்ததாகவும், வயிற்றில் நோய்வந்த ஒரு பாம்புக்குக்கூட வைத்தியம் பார்த்ததாகவும் மகாவம்சத்தின் தொடர்ச்சி சொல்கிறது. ஆனால் யானையும் குதிரையும் அரசனுக்குத் தேவை. முயலால் யாருக்கு என்ன பிரயோசனம்? பஞ்சுவுக்கு 28 நாள் கொடுத்த மருந்தே மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூச்சிக்குக் கொடுப்பதற்கென்று செய்ததுதான்.

பிரயோசனம் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் நம்மிடம் ஒரு பழைய பதில் இருக்கிறது. திமிஷ்கிலும் கெய்ரோவிலும் வாழ்ந்து 1262இல் மௌத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், விலங்குகளுக்கு மனிதன் மேலுள்ள உரிமைகளை வரிசையாக எழுதியிருக்கிறார். முதலாவதாகச் சொல்வது: அதற்கு வேண்டிய உணவைக் கொடுக்கவேண்டும், வயது போயோ வருத்தம் வந்தோ அதனால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனாலும்கூட. பக்கத்து வீட்டு நானாவுக்கு இதை அனுப்பினேன். “சரி சேர்” என்று மட்டும் பதில் வந்தது. மறுநாள் பின்னேரம் ஒரு கட்டு கினிப்புல் கேற்றில் மாட்டியிருந்தது.

இப்போது நாங்கள் செய்வதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கம்பிவலைத் தட்டை எடுத்துவிட்டோம். நாய் பூனைக்கு உள்ளதுபோல் முயலின் பாதத்தில் மெத்தை இல்லை, வெறும் மயிர்தான், கம்பியில் இருந்தால் பாதமும் புண்ணாகும். பழைய துவாய், அதன்மேல் காய்ந்த புல், நனைந்தால் உடனே மாற்றுவது. முழுக் குளிப்பு இல்லவே இல்லை. பின்பக்கத்தை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவைப்பது. புண்ணைச் சுற்றியுள்ள மயிரை வைத்தியர் வெட்டிவிட்டார். காலையும் மாலையும் புரட்டிப் பார்ப்பது கட்டாயம். கண்டி மழைக்கும் ஈரத்துக்கும் இலையான் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். நாய்க்குத் தெள்ளுக்கு விடும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு நஞ்சு. நமக்குத் தந்த அமொக்ஸிசிலினை வாயில் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல கிருமி செத்து முயலும் செத்துப்போகும். வேப்பெண்ணெய் பூசச் சொன்னார்கள், பூசவில்லை, அது நக்கிவிடும். நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் நம் பேராதனையில் இருக்கிறது. கண்டிக்காரர்களாகிய நமக்கு அது ஒரு பஸ் தூரம், கைவைத்தியத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

மேல் வீட்டு சிங்கள அம்மா மகளுக்கு நிலவில் இருக்கும் முயலின் கதையைச் சொல்லியிருக்கிறார், பசித்தவனுக்காகத் தானே நெருப்பில் குதித்த முயல். “அது தானாப் பாய்ஞ்சது. பாரிஸ் முசல்கள்ட யாரும் கேக்கல்ல” என்றாள் மகள்.

தோல் ஆறி வருகிறது, புது மயிர் முளைக்கிறது. கால் திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இன்று சுபஹுக்குப் பிறகு பார்த்தேன். மகள் தரையில் படுத்துக்கொண்டு வல்லாரை இலையை ஒரு அடி தள்ளிப் பிடித்திருக்கிறாள். பஞ்சு முன்னங்காலால் ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, ஆறுதலாக அந்த ஒரு அடியையும் வந்து இலையைப் பிடித்தது.