உழைத்த உடலுக்கும் விளையாட்டு உண்டு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு உடற்பயிற்சியின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வரைய எண்ணியுள்ளோம் என்று கூறியபொழுது, ஊர்ப் பெரியவர் ஒருவர் நகைத்தார். “விடிஞ்சதுலேருந்து மம்பட்டி பிடிக்கிறவனுக்குக் கசரத்து எதுக்கு வாத்தியாரே? அது உக்காந்து திங்கிறவனுக்கில்ல வேணும்?” என்று கேட்டார். இக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் வட்டாரங்களில் நம் குடியிருப்புகள்தோறும் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவரும் கேள்வி அது. அதில் நியாயமும் உண்டு. பசித்த வயிற்றோடு வீடு திரும்புபவனிடம் தண்டால் எடு, பஸ்கி போடு என்று சொல்வது கொடுமையே. ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு பிழையும் ஒளிந்திருக்கிறது. உழைப்பும் விளையாட்டும் ஒன்றே என்று அது கொள்கிறது. அவை ஒன்றல்ல என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இல்லையேல், பகலெல்லாம் கதிரறுத்தவர்கள் இரவில் நிலா வெளிச்சத்தில் சடுகுடு ஆடியதற்குக் காரணம் என்ன?

உழைப்பில் உடல் பிறர் ஏவ அசைகிறது. ஒரே உறுப்பு ஒரே வேலையை ஓயாது செய்கிறது. களையெடுப்போர்க்கு இடுப்பு வளைந்தபடியே இருக்கும். பருத்தி எடுப்போர்க்கு விரல் மட்டுமே ஓடும். கரிசல் நிலத்து வேலையாவது காற்றிலும் வெயிலிலும் நடந்தது. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டில் சிவகாசிக்கு அதனைக் கொண்டுவந்த பின்னர், இந்த வட்டாரத்து உழைப்பின் தோற்றமே மாறிற்று. அத்தொழிலும் அதன் வழியே வளர்ந்த பட்டாசுத் தொழிலும் மழை பொய்க்கும் இப்பூமியில் அடுப்பெரிய வைத்தன. அதனை மறுப்பது நன்றி மறப்பதாகும். எனினும் அவை உடலை உட்கார வைத்தன. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், குழாய் உருட்டுதல், சரம் பின்னுதல் ஆகிய எல்லாமே தரையில் கால் மடக்கிச் செய்யும் வேலைகள். விரலும் கண்ணும் மட்டும் விரையும். காலும் தோளும் நெஞ்சும் சும்மா இருக்கும்.

1970களிலும் 1980களிலும் விடியுமுன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச்சென்ற தொழிலகப் பேருந்துகளை நம்மில் ஐம்பது கடந்தோர் மறந்திருக்க இயலாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. இடர்மிக்க தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அமர்த்தியவர் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. நாம் ஆசிரியப் பணியேற்றது அக்காலத்தில்தான். தொழிலகத்தைவிட்டுப் பள்ளிக்கு வந்த சிறுவர்கள் பலரை வகுப்பில் அமர்த்தினோம். எழுத்து அவர்களுக்கு மெல்லத்தான் வந்தது. ஆனால் முதல் மணி அடித்து வெளியே விட்டதும், ஒருவரும் சொல்லாமலே அவர்கள் ஓடினர். பந்து கிடையாது, பந்தயமும் கிடையாது. வேப்பமரத்தைச் சுற்றி ஓடி, மூச்சு வாங்க நின்று, சிரித்து, மீண்டும் ஓடினர். மக்கள் உடற்பயிற்சியை ஏன் விரும்புகின்றனர் என்பதற்கு மருத்துவ நூல்கள் பல காரணங்கள் கூறும். குருதியோட்டம் சீர்படும், உறக்கம் வரும், மனச்சோர்வு குறையும் என்பன யாவும் மெய்யே. ஆயினும் அச்சிறுவர்களைக் கண்ட நமக்கு அவற்றினும் முந்திய காரணம் ஒன்று புலப்பட்டது. தன் கால் தனக்கே உரியது என்று அறிவதில் ஒரு களிப்பு உண்டு.

இக்களிப்பு நம் முன்னோர்க்கு எவ்வழிகளில் வாய்த்தது, எவ்வழிகளில் மறுக்கப்பட்டது என்பதே நாம் இங்கு நோக்க விழைவது.

தென்மாவட்டச் சிற்றூர்களின் மந்தையில் உருண்டையான பெருங்கல் ஒன்று கிடப்பதை இன்றும் காணலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். முழங்காலுக்கு ஏற்றி, மார்பில் சாய்த்து, தோளில் வைத்துப் பின்புறம் எறிவர். கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்ற வழக்கு பற்றிய கதைகள் மிகுதி. எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி நடைபெறும் போட்டியில் பெண்டிரும் கல் தூக்குவதைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். வயலில் மூட்டை தூக்கியவன் கூலிக்குத் தூக்கினான். மந்தையில் கல் தூக்கியவன் ஊர் காணத் தூக்கினான். பாரம் ஏறத்தாழ ஒன்றாயினும் பயன் வேறு.

சிலம்பத்தின் வரலாறு இதனினும் விரிவானது. பாளையக்காரர் காலத்தில் இப்பகுதி படைக்கலம் பயின்றோர் நிறைந்த பூமியாக விளங்கிற்று. கட்டபொம்மனின் படையில் தளபதியாக நின்றவரென நம் மக்கள் போற்றும் சுந்தரலிங்கத்தின் புகழ் அக்காலத்தது. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருதிருவரும் தூக்கிலிடப்பட்ட பின், 1801 டிசம்பர் முதல் நாளில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். மக்கள் படைக்கலன்களை ஒப்படைக்க வேண்டும், அவற்றைப் பழகுவதும் கூடாது என்பது அதன் சாரம். வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் போயின. கம்பை எவ்வாறு பறிப்பது? மாடு மேய்ப்பவன் கையிலும் இரவில் வயற்காவல் செல்பவன் கையிலும் அது இருந்தே தீரும். ஆதலின் சிலம்பம் பிழைத்தது.

நம் குடியிருப்புகளில் சிலம்பம் பெரும்பாலும் இரவில் பயிலப்பட்டது என்று முதியோர் கூறக் கேட்டுள்ளோம். பகலில் பொழுதில்லை என்பது ஒரு காரணம். நம்மவர் கம்பு சுற்றுவதைப் பிறர் காண விரும்பவில்லை என்பது மற்றொன்று. தோளில் துண்டு போடுவதே குற்றமாகக் கருதப்பட்ட ஊர்களில், ஒருவன் நிமிர்ந்து நின்று நெற்றி மட்டக் கம்பை வீசுவது எங்ஙனம் பொறுக்கப்படும்? இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சிலம்ப வாத்தியார் முதலில் கற்பிப்பது அடியன்று, காலடி. சுவடு வைக்கக் கற்றபின்னரே வீச்சு வரும். சுவடு வைப்பவன் கூனி நிற்க இயலாது. எதிரியின் கண்ணைப் பாராமல் ஆடவும் இயலாது. பகலில் குனியப் பழக்கப்பட்ட உடல் இரவில் நிமிரப் பழகிற்று. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இதனைவிடச் சிறந்த கல்வி எதுவென்று சொல்லத் தெரியவில்லை. அன்று மறைவில் ஆடப்பட்ட அக்கலை, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

நீச்சலுக்கு வருவோம். கோடையில் கமலைக் கிணற்றின் மேட்டிலிருந்து குதிப்பதற்கு ஈடான இன்பம் கரிசல் நாட்டில் வேறில்லை. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டால் பிள்ளை தானே நீந்தக் கற்கும். ஆனால் கிணறு யாருடையது? கண்மாயில் எந்தத் துறை யாருக்கு? பயிற்சிகளுள் நீச்சலே நமக்கு மிகுதியாக மறுக்கப்பட்டது. அதற்குத் தசைவலி போதாது, தண்ணீர் வேண்டும். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளின் முயற்சியால், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் நிறைவேறி அரசாணையுமாயிற்று. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத்துச் சவுதார் குளத்தில் நீரள்ளிப் பருகினார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது. அரசமைப்பின் 15ஆம் கூறு கிணறு, குளம், நீராடுதுறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எனப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. சட்டம் படிப்போர் அதனைத் தண்ணீர் உரிமையாகக் காண்பர். நாமோ, ஒரு சிறுவன் குதித்து நீந்தும் உரிமையும் அங்கே எழுதப்பட்டிருப்பதாகக் காண்கிறோம். சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டாயிற்று. கிணறுகளோ பெரும்பாலும் வற்றிப்போயின. நம் மாணவருள் நீந்தத் தெரிந்தோர் இன்று மிகச் சிலரே.

எல்லாவற்றினும் நம் இளைஞர் நெஞ்சைக் கவர்ந்தது சடுகுடு. கருவி வேண்டா, காலணி வேண்டா, காசு வேண்டா. அறுவடை முடிந்த புஞ்சையோ நீர் வற்றிய கண்மாயோ போதும். அணிக்கு எழுவர். ஒரே மூச்சில் பாடிச் சென்று, எதிரியைத் தொட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டைச் சேர வேண்டும். மூச்சைக் காப்பதும், அஞ்சாது நுழைவதும், வேளை பார்த்துத் திரும்புவதும் கூடிய ஆட்டம் அது. எனினும் சாதியால் பிளவுண்ட நாட்டில் இவ்வாட்டத்தின் உட்பொருள் ஒன்றை இதுகாறும் எவரும் போதிய அளவு எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை. சடுகுடு தொடுதலால் நடக்கும் ஆட்டம். தொடாதவன் அதில் வெல்ல முடியாது; தொடப்படுவதற்கு அஞ்சுபவன் களத்தில் நிற்கவே முடியாது.

இதனாற்றான் தெருவுக்கு ஓர் அணி என்ற வழக்கம் ஏற்பட்டது. நாம் பயின்ற ஒரு பள்ளியில், ஆடச் சொன்ன ஆசிரியரே பிள்ளைகளைத் தெருவாரியாகப் பிரித்து நிறுத்தினார். சண்டை வராமலிருக்க என்றார். அவர் கூறியதும் பொய்யன்று. ஊருக்கும் சேரிக்கும் நடந்த ஆட்டங்கள் பல அடிதடியில் முடிந்துள்ளன. ஆயினும் பிடிக்க வேண்டிய கை பிடிக்காமல் நின்றதை அன்று கண்டோம். அடிபட்டதைவிட அதுவே வலித்தது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது பல்வங்கர் பாலுவின் வரலாறு. தோல்தொழில் சாதியில் 1876இல் பிறந்த அவர், பூனாவில் வெள்ளையர் மன்றத்துக் கிரிக்கெட் திடலைச் செப்பனிடும் பணியாளராக இருந்து பந்துவீச்சில் தேர்ந்தார். அவர் வீசிய பந்தை உயர்சாதி ஆட்டக்காரர் தொட்டனர். ஆனால் தேநீர் அவருக்கு மண்டபத்தின் வெளியே மண்குவளையில் தரப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குக் கிட்டியது. கிரிக்கெட்டில் பந்து இடைநின்றது. சடுகுடுவில் இடைநிற்க ஏதுமில்லை.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் கபடியை ஆடிக் காட்டினர். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் அது பதக்க விளையாட்டாயிற்று. நமக்கு அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் மணத்தி என்னும் சிற்றூரில் தோன்றிய கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ச்சுனா விருதும் பெற்றார். அவர் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ திரைப்படம் 2025இல் வெளிவந்ததை நீங்கள் அறிவீர்கள். படத்தைப் பார்த்துக் கைதட்டியதோடு நில்லாமல், புழுதி பறக்கும் களத்திலிருந்து ஹிரோஷிமா வரை ஒரு மனிதனைக் கொண்டுசென்ற காலைப்பயிற்சிகளை எண்ணிப் பாருங்கள்.

பெண்மக்களைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. கும்மியும் முளைப்பாரியைச் சுற்றி அடிக்கும் குலவையும் பாண்டியாட்டமும் அவர்களுக்கிருந்த பயிற்சிகள். அவையும் பருவமெய்திய மறுநாளே முற்றுப்பெற்றன. தொழிலகத்தில் எட்டு மணி நேரம் அமர்ந்து, வீட்டில் தண்ணீர் சுமந்து, முப்பது வயதில் முழங்கால் வலி என்று சொல்லும் நம் தாய்மார்க்கு ஓடியாடும் உரிமை எவராலும் எண்ணிப்பார்க்கப்பட்டதில்லை. இப்பொழுது நிலை சற்றே மாறியுள்ளது. குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டோர் வாழும் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடினார். அச்செய்தியை நம் பள்ளிக் காலை வணக்கத்தில் படித்தபொழுது, பின்வரிசைப் பெண்பிள்ளைகள் எழுப்பிய ஒலியை அடக்க நாம் முற்படவில்லை.

இன்று விடியற்காலையில் நம் ஊர்ச் சாலைகளில் இளைஞர் ஓடுகின்றனர். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். அதற்கான ஓட்டம் அது. வேலைக்காக ஓடுவது நன்றே. ஆனால் தேர்வு முடிந்த மறுநாளே ஓட்டத்தை விட்டுவிடுவோர் பலர் என்பதையும் கண்டுவருகிறோம். வென்றவரும் விடுகின்றனர், தோற்றவரும் விடுகின்றனர். கட்டாயத்திற்காக ஓடிய காலுக்கு அது மற்றுமொரு கூலிவேலையாகவே தோன்றியிருக்கும் போலும். மாலையில் சடுகுடு ஆடுபவன் அவ்வாறு விடுவதில்லை.

ஆடுவதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டுத் திடலையும் சேர்த்துள்ளது. அதனை ஊராட்சியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எழுத்தால் கேட்டுப் பெறுவது படித்த இளைஞரின் கடமை. ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. மகளிர்க்கு 12க்கு 8 போதும். நம் குடியிருப்புகளை ஒட்டிய புறம்போக்கில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் நிலத்தில் அவ்வளவு இடம் தேறும். முள் வெட்டி, கல் பொறுக்கி, சுண்ணாம்பால் கோடு இழுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும்.