குறைந்த பணியிடங்கள், உயர்ந்த ஊக்கத்தொகை: கானெட் பத்திரிகை நிறுவன ஊழியர்களின் மனக்கசப்புக்குப் பின்னணி என்ன?

நலிவடைந்து வரும் ஒரு நிறுவனத்தில் செலவுக் குறைப்பின் சுமையை யார் ஏற்கிறார்கள், அதற்கான வெகுமதியை யார் பெறுகிறார்கள் என்ற கேள்வி அமெரிக்கப் பத்திரிகைத் துறையில் நீண்ட காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அந்நாட்டின் மிகப்பெரிய நாளிதழ்க் குழுமங்களில் ஒன்றான கானெட்டின் அனுபவம் இதற்கு முக்கிய எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்படுகிறது.

நிறுவனத்தின் பின்னணி

நியூயார்க் மாகாணத்தின் எல்மைரா நகரில் 1906-ஆம் ஆண்டு ஃபிராங்க் கானெட் தொடங்கிய இந்நிறுவனம், சிறு நகரங்களின் நாளிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கி வளர்ந்தது. 1982 செப்டம்பர் 15-ஆம் தேதி 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழைத் தொடங்கியது. 'அரிசோனா ரிபப்ளிக்', 'இண்டியானாபோலிஸ் ஸ்டார்', 'டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்' உள்ளிட்ட நாளிதழ்களும் இக்குழுமத்தைச் சேர்ந்தவை.

வேலைவாய்ப்பு, வீட்டுமனை, வாகன விற்பனை ஆகியவற்றுக்கான வரி விளம்பரங்கள் இத்தகைய நாளிதழ்களின் வருவாய்க்கு அடித்தளமாக இருந்தன. இணையத்தில் இவற்றை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வெளியிடும் தளங்கள் பெருகியதால் அந்த வருவாய் சரிந்தது. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார மந்தநிலை இந்தச் சரிவை வேகப்படுத்தியது. சொத்து மதிப்புக் குறைப்பு காரணமாக, அந்த ஆண்டில் கானெட் 660 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பைக் கணக்கில் காட்டியது.

பணிநீக்கமும் ஊதியமில்லா விடுப்பும்

இழப்பைச் சமாளிக்க நிறுவனம் பல கட்டங்களாகச் சிக்கன நடவடிக்கைகளை மேற்கொண்டது. 2008 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான ஊழியர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் புதிய பலன்கள் சேர்வது நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் சுமார் 2,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 2009 ஜனவரியில், அமெரிக்காவில் பணியாற்றும் பெரும்பாலான ஊழியர்கள் ஒரு வாரம் ஊதியமின்றி விடுப்பில் செல்ல வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் இத்தகைய விடுப்பு மீண்டும் மீண்டும் நடைமுறைப்படுத்தப்பட்டது.

விடுப்பு நாள்களில் மின்னஞ்சலைப் பார்ப்பதற்கும் தொலைபேசியில் அலுவலகப் பணி குறித்துப் பேசுவதற்கும் ஊழியர்களுக்கு அனுமதி இல்லை. பணி செய்தால் ஊதியம் வழங்க வேண்டும் என்ற தொழிலாளர் சட்டமே இதற்குக் காரணம். விடுப்பில் சென்றவரின் பணியை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டனர்.

ஊக்கத்தொகை எழுப்பிய கேள்வி

2005 முதல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர் கிரெய்க் டுபோ. 2009-இல் சுமார் 47 லட்சம் டாலராக இருந்த அவரது மொத்த ஊதியமும் பயன்களும், 2010-இல் சுமார் 94 லட்சம் டாலராக, அதாவது ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தன. இதில் ரொக்க ஊக்கத்தொகை மட்டும் 17.5 லட்சம் டாலர்.

தொகையைக் காட்டிலும், அதற்குக் கூறப்பட்ட காரணமே ஊழியர்களை அதிகம் புண்படுத்தியது. ஊக்கத்தொகைக்கான காரணங்களில், செலவுக் கட்டமைப்பைச் சீரமைத்துத் திறனை மேம்படுத்தியதையும் இயக்குநர் குழு சேர்த்திருந்தது. ஒரு செய்தியாளர் இழந்த பணியிடமும் மற்றொருவர் இழந்த ஒரு வார ஊதியமும் தலைமை அதிகாரியின் சாதனைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாக ஊழியர்கள் கருதினர். இந்த விவரங்கள் வெளியாகிச் சில மாதங்களில், 2011 ஜூன் மாதம், மேலும் சுமார் 700 பேர் பணிநீக்கம் செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

பதவி விலகலும் 3.71 கோடி டாலரும்

உடல்நலக் காரணங்களால் டுபோ 2011 அக்டோபரில் பதவி விலகினார். ஓய்வூதியம், மருத்துவம், இயலாமைக் காப்பீடு ஆகிய வகைகளில் அவருக்கு உரிய பயன்களின் மதிப்பு சுமார் 3.71 கோடி டாலர் என்று தெரியவந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் ஊடகத்துறைப் பத்தியாளர் டேவிட் கார் இதனைக் கடுமையாக விமர்சித்தார். டுபோ பொறுப்பேற்றபோது சுமார் 75 டாலராக இருந்த பங்கின் விலை, அவர் விலகியபோது ஏறத்தாழ 10 டாலராக இருந்ததையும், ஊழியர் எண்ணிக்கை சுமார் 52,000-லிருந்து 32,000 ஆகக் குறைந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அதேவேளையில், இது முழுவதும் விலகலுக்காக வழங்கப்பட்ட அன்பளிப்பு அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு நெருங்கிய பணிக்காலத்தில் சேர்ந்த ஓய்வூதியமும் ஒப்பந்தப்படி வழங்க வேண்டிய பயன்களும் இதில் அடங்கும். ஊதியமில்லா விடுப்பு தலைமை அதிகாரிகளுக்கும் பொருந்தும் என நிறுவனம் அறிவித்திருந்தது. 2009 மார்ச் மாதத்தில் 2 டாலருக்கும் கீழே சென்ற பங்கின் விலை பின்னர் மீண்டதும், 2010-இல் நிறுவனம் 58 கோடி டாலருக்கும் அதிகமான நிகர லாபம் ஈட்டியதும் நிர்வாகத்துக்குச் சாதகமான வாதங்களாக அமைந்தன. ஆனால், லாபம் திரும்பிய நிலையில் பணிநீக்கம் ஏன் தொடர வேண்டும் என்ற கேள்வியை இதே புள்ளிவிவரங்கள் வலுப்படுத்தின.

ஊதியம் நிர்ணயிக்கப்படும் முறை

அமெரிக்காவில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், தலைமை அதிகாரிகளின் ஊதியத்தை இயக்குநர் குழுவின் ஊதியக் குழு முடிவு செய்கிறது. அடிப்படை ஊதியம், ஆண்டு ஊக்கத்தொகை, நிறுவனப் பங்குகள், ஓய்வூதியம், பிற சலுகைகள் என இது பல பகுதிகளைக் கொண்டது. நிறுவன விமானத்தைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துதல், வாகன வசதி, மன்ற உறுப்பினர் கட்டணம், நிதி ஆலோசனைச் செலவு போன்றவை சலுகைகளாகக் கருதப்படுகின்றன. ஓர் அதிகாரி பெறும் இத்தகைய சலுகைகளின் ஆண்டு மதிப்பு 10,000 டாலரை எட்டினால் அவற்றை வெளியிட வேண்டும்.

இவ்விவரங்கள், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் பங்கு பரிவர்த்தனை ஆணையத்திடம் தாக்கல் செய்யப்படும் அறிக்கையில் இடம்பெறும். தங்கள் நிறுவனத்தின் இந்த அறிக்கையை ஊழியர்களே வாசித்து அறிய முடிந்ததால்தான் கானெட் விவகாரம் விரிவாக விவாதிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம், அதிகாரிகளின் ஊதியம் குறித்துப் பங்குதாரர்கள் வாக்களிக்கும் உரிமையை வழங்கியது. எனினும் இந்த வாக்கெடுப்பின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. தலைமை அதிகாரியின் ஊதியத்துக்கும் இடைநிலை ஊழியரின் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தை வெளியிடும் நடைமுறை 2018-இல் தொடங்கியது.

மீண்டும் அதே சர்ச்சை

2019 நவம்பரில் 'கேட்ஹவுஸ்' நாளிதழ்களின் தாய் நிறுவனம், கடன் பெற்று கானெட்டை வாங்கியது. ஒருங்கிணைந்த நிறுவனம் அப்போது கானெட் என்ற பெயரையே ஏற்றது. அதன் தலைமைச் செயல் அதிகாரி மைக் ரீடின் 2021-ஆம் ஆண்டு ஊதியமும் பயன்களும் சுமார் 77 லட்சம் டாலர். அந்த ஆண்டில் இடைநிலை ஊழியரின் ஊதியம் சுமார் 48,000 டாலர். அதாவது விகிதம் ஏறத்தாழ 160-க்கு 1.

2022 ஆகஸ்டில் சுமார் 400 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் ஊதியமில்லா விடுப்பு மீண்டும் அறிவிக்கப்பட்டதுடன், ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்புக்கு நிறுவனம் அளித்த பங்களிப்பும் நிறுத்திவைக்கப்பட்டது. இதையடுத்து 2023 ஜூன் 5-ஆம் தேதி, பங்குதாரர் கூட்டம் நடைபெற்ற நாளில், பல நாளிதழ்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் பணியைப் புறக்கணித்தனர். தலைமைச் செயல் அதிகாரிக்கு எதிராக வாக்களிக்குமாறு அவர்களது தொழிற்சங்கமான நியூஸ்கில்ட் பங்குதாரர்களைக் கேட்டுக்கொண்டது. எனினும் ரீட் பதவியில் நீடித்தார்.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பொது நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும் மேலாளருக்கும் வழங்கப்படும் மொத்த ஊதியத்தை நிகர லாபத்தின் 11 சதவீதமாக வரையறுக்கிறது. இதை மீறுவதற்குப் பங்குதாரர்களின் ஒப்புதல் தேவை. லாபம் இல்லாத அல்லது போதிய லாபம் ஈட்டாத நிறுவனங்களுக்குத் தனி வரம்புகள் உள்ளன. இயக்குநர்களின் ஊதியத்துக்கும் இடைநிலை ஊழியரின் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

வாசகர்களுக்கு ஏற்பட்ட இழப்பு

பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் 2008-இல் சுமார் 71,000 பேர் பணியாற்றினர். 2020-இல் இந்த எண்ணிக்கை சுமார் 31,000 ஆகக் குறைந்தது. தலைமை அதிகாரிகளின் ஊதியத்தைக் குறைத்திருந்தால் மட்டுமே இந்தச் சரிவைத் தடுத்திருக்க முடியாது. விளம்பர வருவாயின் இழப்பு அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆயினும், நகரமன்றக் கூட்டத்துக்கும் உள்ளூர் நீதிமன்றத்துக்கும் செல்லும் ஒரு செய்தியாளரின் பணியிடம் நீக்கப்படும்போது, அதனால் மிச்சமாகும் தொகை நிறுவனத்தின் கணக்கில் பதிவாகிறது. அதனால் வெளிவராமல் போகும் செய்திகள் எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை.