ரோம் பரிசும் ஆன்ரி லப்ரூஸ்டும்

ரோம் பரிசு என்பது பிரான்சின் கலை மாணவர்களை அரசு செலவில் ரோம் நகருக்குக் கல்விப் பயணம் அனுப்பிய போட்டியாகும். அவர்கள் தங்கிப் பயில, பதினான்காம் லூயி காலத்தில் 1666 ஆம் ஆண்டு ரோமில் பிரெஞ்சுக் கழகம் நிறுவப்பட்டது. 1803 முதல் அது வில்லா மெடிச்சி மாளிகையில் உள்ளது.

கட்டடக்கலை மாணவர்கள் பழங்காலக் கட்டடங்களை அளந்து, வரைபடங்களைப் பாரிசின் நுண்கலைக் கழகத்துக்கு மதிப்பீட்டிற்காக அனுப்ப வேண்டியிருந்தது. 1824 இல் பரிசு பெற்ற ஆன்ரி லப்ரூஸ்ட், ரோமில் தங்கியிருந்த காலத்தில் தென் இத்தாலியின் பேஸ்தும் சென்று, அங்குள்ள மூன்று கிரேக்கக் கோயில்களை ஆராய்ந்தார். அவற்றுள் செம்மையானதே முதலில் கட்டப்பட்டது என்றும், கிரேக்கக் குடியேறிகள் பின்னர் புதிய இடத்துக்கேற்பத் தம் மரபை மாற்றிக்கொண்டனர் என்றும் விளக்கினார். கிரேக்கக் கலையை மாறாத முன்மாதிரியாகப் போற்றிய கழகத்துடன் இதனால் பூசல் எழுந்தது.

1830 இல் நாடு திரும்பிய லப்ரூஸ்டுக்குப் பல ஆண்டுகள் பெரிய அரசுப் பணி எதுவும் கிடைக்கவில்லை. அவர் சொன்ன காலவரிசையும் தவறு என்பதைப் பிற்காலத் தொல்லியல் காட்டியது. ஆனால் இடத்துக்கும் தேவைக்கும் ஏற்பக் கட்டடம் மாற வேண்டும் என்ற கருத்தை அவர் கைவிடவில்லை. பாரிசில் அவர் கட்டிய செயின்ட் ஜெனவீவ் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில், மறைக்கப்படாத வார்ப்பிரும்புத் தூண்கள் கூரையைத் தாங்குவதை இன்றும் காணலாம்.