சாட்சி உண்டு, கேட்பார் இல்லை

துப்புத் துலங்காத கொலை என்றால் நம் மக்களுக்குத் தனி ருசி உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த நாவல்களை நம் பாட்டன்மார் விளக்கு வெளிச்சத்தில் விழித்திருந்து படித்தனர். அக்கதைகளில் எத்தனை முடிச்சு விழுந்தாலும், கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் ஒருவர் தோன்றி அத்தனையையும் அவிழ்த்துவிடுவார். உலக நடப்போ அவ்வாறன்று. 1944ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றனர்; வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று; 1947இல் இருவரும் விடுதலையாயினர். கொன்றவர் யார் என்பது மட்டும் இன்றளவும் ருஜுவாகவில்லை.

பத்திரிகைகளும் வக்கீல்களும் நிறைந்த நகரத்திலேயே இக்கதி என்றால், ஒற்றை மண்பாதையும் ஒரு ஆப்பீசும் நாலு வரிசை லயமும் மட்டுமே கொண்ட ரப்பர்த் தோட்டத்தில் நடக்கும் கொலையின் கதி என்னவாகும்? "அங்கே காடுதான் சாட்சி, யார் கண்டது?" என்று சொல்லி விட்டுவிடுவது நம் வழக்கம். அவ்வழக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தோட்டத்தில் சாட்சிக்குப் பஞ்சம் இல்லை. நேற்று எவன் வீட்டில் என்ன குழம்பு என்பது முதல் அனைவருக்கும் அனைத்தும் தெரிந்த இடம் அது. அங்கே இல்லாதது, சாட்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவன் சொல்லை அவன் சொன்னபடியே எழுதும் கை ஒன்றுதான்.

நம் பேராக் மாநிலத்திலிருந்தே தொடங்குவோம். ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் வழியில் இருப்பது சுங்கை சிப்புட். துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று தமிழர் பெருமையோடு சொல்லும் ஊர் அது. அவ்வூரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலையில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டனர். எல்ஃபில் தோட்டத்து மானேஜர் ஆர்தர் வாக்கர் தம் ஆப்பீசிலேயே சுடப்பட்டார். சற்று நேரத்திற்கெல்லாம், சில கல் தொலைவிலிருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன் என்ற மானேஜரும் இயன் கிறிஸ்டியன் என்ற இளம் உதவியாளரும் சுடப்பட்டனர்.

வாக்கர் மாண்ட விதம் நமக்குத் தெரிந்தது எப்படி? அருகில் இருந்த இந்தியக் கிராணி ஒருவரின் காதுகளால்! சைக்கிளில் வந்த இளைஞர்கள், "தாபே, துவான்" என்று மரியாதையாக வணக்கம் கூறியதையும், அடுத்த கணம் துப்பாக்கி வெடித்ததையும் அவர் கேட்டார் என்று அக்காலத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உலகப் பத்திரிகைகளெல்லாம் பேசிய ஒரு நிகழ்ச்சிக்கு, கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு கிராணியின் வாய்ச்சொல் ஆதாரமாயிற்று. அன்று அவரைக் கேட்டார்கள், அவர் சொன்னார், அது ஏட்டில் ஏறிற்று. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கொலைகளுக்குச் சர்க்கார் அளித்த பதில் மின்னல் வேகத்தில் வந்தது. அன்றைய தினமே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளிலும், ஜூன் 18ஆம் நாள் மலாயாக் கூட்டரசு முழுமையிலும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், நாடு கடத்தவும், ஆயுதம் வைத்திருந்தவனைத் தூக்கிலிடவும் சட்டம் பிறந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அச்சட்டத்தின்படியே, ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக, 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். சுமார் 5 லட்சம் மக்கள் குடிபெயர்க்கப்பட்டு, முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டனர். தோட்ட லயங்களையும் வேலி சூழ்ந்தது. அரிசியும் அளந்து கொடுக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நாடு அந்நிலையில் இருந்தது.

இத்தனை நடந்தும் ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. கொலைக்கு உத்தரவிட்டவர் யார்? கம்யூனிஸ்டுக் கட்சியின் திட்டமிட்ட போர்த்தொடக்கம் அது என்றது சர்க்கார். கட்சியின் தலைவராயிருந்த சின் பெங், தாமும் பேராக்கில் சித்தியவானில் பிறந்தவரே. அவர் 2003இல் வெளியான தம் நினைவு நூலில், அது மத்தியத் தலைமையின் உத்தரவால் நிகழ்ந்ததன்று, உள்ளூர்க் குழுவினர் செய்தது என்றார். ஆராய்ச்சியாளர் இன்றும் தர்க்கிக்கின்றனர். ஒரு தேசத்தின் பன்னிரண்டாண்டு வாழ்வை மாற்றிய கொலையின் மூலமே தெளிவாகவில்லை என்றால் வியப்பாயில்லையா? எனினும் அம்மூவர் எப்படி மாண்டனர், எவரால் மாண்டனர் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அவர்கள் பெயர்கள் எல்லா வரலாற்று நூல்களிலும் உள்ளன. இருக்கவேண்டியதும் முறையே. கொலை கொலைதான், மாண்டவன் துரையென்பதால் அது நியாயமாகிவிடாது.

நிற்க. அதே ஆண்டு டிசம்பர் மாதத்திற்கு வருவோம். இடம், சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் காலி அருகே சுங்கை ரெமோக் ரப்பர்த் தோட்டம். 11ஆம் நாள் மாலை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் காலாட்படையின் சிறு பிரிவொன்று அங்கே வந்தது. தோட்டத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளரில் ஆண்கள் ஒருபுறமும், பெண்களும் பிள்ளைகளும் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டு, கொங்சி வீட்டில் அடைக்கப்பட்டனர். அன்றிரவு ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினர். ஆண்களைச் சிறு சிறு கூட்டமாக வெளியே கொண்டு சென்றனர். சில நிமிடங்களில் 23 பேர் பிணமாயினர். குடியிருப்பு கொளுத்தப்பட்டது. மயங்கி விழுந்து, பிணமென்று விடப்பட்ட ஒருவர் மட்டும் பிழைத்தார். ஆகமொத்தம் மாண்டவர் 24 பேர். எவரிடமும் ஆயுதம் இல்லை.

பத்திரிகைகளில் இச்செய்தி கொள்ளைக்காரர் மீது பெற்ற வெற்றியாக வந்தது. பின்னர், "தப்பியோட முயன்றனர், ஆதலால் சுட்டோம்" என்பது சர்க்காரின் வாசகமாயிற்று. ஓடிய இருபத்துமூவரில் ஒருவர்கூடக் காலில் அடிபட்டு உயிரோடு பிடிபடவில்லையே என்று அன்று கேட்டவர் உண்டு. விடை சொன்னவர் இல்லை. 1949ஆம் ஆண்டு ஜனவரியில், தப்பியோடுவோரைத் தடுக்கச் சுடுவதற்கு அதிகாரம் தரும் விதி ஒன்று இயற்றப்பட்டு, அது முன்நடந்தவற்றுக்கும் பொருந்தும் என்று ஆக்கப்பட்டது.

இனி விசாரணைகளைக் கணக்கெடுப்போம். கிராணியின் புத்தி கணக்கைத்தானே நாடும்! முதலாவது, நிகழ்ச்சி நடந்தவுடன் மலாயாவின் அட்டர்னி ஜெனரல் நடத்தியது. அதில் படைவீரர்களைக் கேட்டார்கள். லாரியில் ஏற்றப்பட்ட பெண்களைக் கேட்கவில்லை. இரண்டாவது, 1970இல் நடந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் பிரிட்டனின் 'தி பீப்பிள்' பத்திரிகையில், முன்னாள் வீரர்கள் சிலர், "ஓடியவர்களை அல்ல, நின்றவர்களைச் சுட்டோம்" என்ற கருத்துப்படச் சத்தியவாக்குமூலம் அளித்தனர். ஸ்காட்லாந்து யார்டு விசாரணை தொடங்கிற்று. வீரர்கள் சிலர் போலீசாரிடமும் அதனை ஒப்புக்கொண்டனர். போலீசார் மலேசியாவுக்குப் புறப்படுமுன் ஜூன் மாதம் பிரிட்டனில் ஆட்சி மாறிற்று. அம்மாத இறுதியிலேயே, போதிய ஆதாரமில்லை என்று விசாரணை கைவிடப்பட்டது. மூன்றாவது, 1993இல் உற்றாரும் தப்பியவரும் கொடுத்த புகாரின்மேல் மலேசியப் போலீசார் நடத்தியது. அதில் ஊராரைக் கேட்டார்கள்; பிரிட்டனிலிருந்த வீரர்களைக் கேட்கவில்லை. 1997இல் அதுவும் மூடப்பட்டது.

இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருமுறை சுட்டவனின் சொல் மட்டும். மறுமுறை சுட்டவனின் ஒப்புதல், ஆனால் ஊரார் இல்லை. மூன்றாம் முறை ஊரார் மட்டும், சுட்டவன் இல்லை. இருதரப்பாரின் வாக்குமூலமும் அரை நூற்றாண்டில் ஒருமுறையேனும் ஒரே மேசையின்மேல் வைத்துப் பார்க்கப்படவில்லை! சாட்சி இல்லாத வழக்கா இது? கண்ட பெண்கள் இருந்தனர், பிழைத்த மனிதர் இருந்தார், சுட்டவரே பேசினர். சாட்சி வழிந்தோடிற்று, ஏந்தத்தான் பாத்திரம் வைப்பாரில்லை.

பின்பு உற்றார் லண்டன் நீதிமன்றங்களை நாடினர். 2012இல் ஒரு தீர்ப்பு, 2014இல் ஒரு தீர்ப்பு, 2015ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நால்வர், பொது விசாரணை நடத்தச் சர்க்காரைக் கட்டாயப்படுத்த இயலாது என்றனர். லேடி ஹேல் ஒருவர் மட்டும் மாறுபட்டார். தனி மனிதர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிடும் உரிமையைப் பிரிட்டன் ஏற்றது 1966இல், கொலையோ 1948இல், இடைப்பட்ட காலம் மிக நீண்டது என்பது காரணங்களில் ஒன்று. 2018இல் ஐரோப்பிய நீதிமன்றமும் மனுவை ஏற்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆறும்வரை அடுப்பை அணைத்து வைத்திருந்தவர்களே, பின்னால், "இது ஆறிவிட்டது, பந்திக்கு உதவாது" என்பது எவ்வளவு விநோதம்!

"அது காடு; அது போர்க்காலம்; அப்படித்தான் இருக்கும்" என்பாருக்கு நம் பேராக்கே பதில் சொல்லும். 1875ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பேராக் ஆற்றங்கரையில், பாசிர் சாலாக் என்ற கம்பத்தில், பிரிட்டிஷ் ரெசிடெண்டு பெர்ச் குத்திக் கொல்லப்பட்டார். ரயிலில்லை, ரஸ்தாவில்லை, ஆறே வழி. பத்தாங் காலியைவிடப் பன்மடங்கு ஒதுக்கமான இடம். எனினும் படை வந்தது, விசாரணை நடந்தது, 1877ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார், சுல்தான் அப்துல்லா கடல் கடந்து செஷல்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஆதலின் தூரமும் காடும் நீதிக்குத் தடையல்ல என்பது தெளிவு. மாண்டவன் யார் என்பதைப் பொறுத்தே பாதை திறக்கிறது, அல்லது மூடுகிறது.

தோட்டத்தின் அமைப்பே இதற்கு இடங்கொடுக்கிறது. அங்கே பாதை ஒருவன் கையில். தந்தியும் டெலிபோனும் அவன் ஆப்பீசில். செய்தி வெளியே செல்லும் வாசலும் அதுவே. ஆகவே முதலில் எழுதப்படும் அறிக்கை பாதையை வைத்திருப்பவனுடையதாகிறது. பின்வருவோரெல்லாம் அதனையே பார்த்து எழுதுகின்றனர். தினந்தோறும் பிரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் எழுதும் எனக்கு இது நன்கு விளங்கும். ஒரு பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்துவிட்டால், மாதக் கடைசியில் அம்மனிதன் வேலைக்கு வரவேயில்லை என்றாகிவிடும். கண்ணால் கண்டவர் நூறு பேர் இருந்தாலும் பேசுவது ஏடுதான்.

அன்பர்களே! பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்படும்போது பழைய பேரேடுகளும் குப்பையோடு போகின்றன. 1948இல் பத்து வயதுப் பிள்ளைகளாயிருந்தோர் இன்று தொண்ணூறை ஒட்டிய வயதில் இருக்கின்றனர். வேலிக்குள் வாழ்ந்ததையும், ஓர் இரவில் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத அண்டை வீட்டுக்காரரையும் அவர்கள் அறிவர். அவர்களைக் கேட்டு எழுத நீதிபதி வரவேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், குறுக்கே பேசாத பொறுமையும் போதும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் கண்டது, யார் கேட்டது என்று பிரித்து எழுதுங்கள். கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் எழுதுங்கள். சொல்பவர் ஒப்புதலோடு தேதியிட்டு இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற பேதம் இதில் வேண்டாம்; அடுத்த லயத்துப் பிணம் நம் பிணமன்று என்று இருந்ததால் விளைந்ததே இத்தனையும்.

பத்தாங் காலியின் உற்றார் வழக்கில் தோற்றனர் என்பது மெய்யே. ஆனால் அவர்கள் எழுதி வைத்த வாக்குமூலங்களால்தான் 24 பேரைக் கொள்ளைக்காரர் என்று இன்று எவரும் துணிந்து எழுத முடியவில்லை. நீதிமன்றம் மறுத்ததை ஏடு கொடுத்தது. அவ்வளவாவது நம் தோட்டங்களில் மாண்டவர்க்கு நாம் செய்ய வேண்டாமா?