கைக்கு முன்னே காது

பெருங்கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'பிறவி மேதை' என்று சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சொல்பவருக்கு அது புகழுரை. வரலாறு எழுத முனைபவனுக்கோ அச்சொல் ஒரு பூட்டு. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாழ்வைக் கொண்டு அந்தப் பூட்டைச் சற்றுத் திறந்து பார்க்கலாம்.

தெட்சணாமூர்த்தி 1933இல் இணுவிலில் பிறந்தார். தந்தையார் விசுவலிங்கம் தவில் வித்துவான். நாதஸ்வரத்தையும் தவிலையும் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த ஊர் இணுவில். அத்தகைய வீட்டில் வளரும் குழந்தை அரிச்சுவடிக்கு முன்பே சொற்கட்டைக் கேட்கிறது. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, இரண்டையும் சேர்த்தால் ஏழு. நாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டும் கூட்டல் கணக்கை அப்பிள்ளை காதாலேயே செய்து பழகிவிடுகிறது. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து ஜாதிகளையும் ஒன்றோடொன்று பின்னி, கடைசியில் எடுப்பில் பிசகாமல் வந்து சேர்வதுதான் தவில்காரரின் வித்தை.

கருவியும் இலேசானதல்ல. பலாமரத்தைக் குடைந்து செய்த கொட்டு. இருபுறமும் இழுத்துக் கட்டிய தோல். வழமையாக வலப்பக்கத்தை விரல்களில் கூடு மாட்டியும் இடப்பக்கத்தைக் கழியாலும் வாசிப்பர். ஒரு கை விரலாலும் மறுகை கோலாலும் பேச, இரண்டும் ஒரே கணக்கில் நிற்கவேண்டும். திருவிழா இரவுகளில் மணிக்கணக்காக இதைச் சுமந்து வாசிக்கும் உடலுரம் ஓரிரு ஆண்டில் வருவதன்று.

குலத்தொழில் என்னும் முறைமை இக்கலையைக் காத்தது உண்மை. அதே முறைமை கலைஞனைச் சாதிப் படிக்கட்டில் ஒரு படியில் கட்டி வைத்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறாகாது.

தந்தையாரின் பயிற்சியோடு தெட்சணாமூர்த்தி நின்றுவிடவில்லை. கடல் கடந்து தமிழகம் சென்று நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடம் பயின்றார். பின்னர் அவரோடு இணையாக அமர்ந்தும் வாசித்தார். 'லயஞான குபேரபூபதி' என்று இரு கரையிலும் போற்றப்பட்டார். அதே நாச்சியார்கோயிலைச் சேர்ந்த ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம்தான் ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா தஞ்சைப் பாணி நாதஸ்வரத்தைக் கற்றார். அவர் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தவர். பரம்பரை இருந்தும் குருவைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர். ஓர் இணுவில் பிள்ளைக்கும் ஒரு கரவதிப் பிள்ளைக்கும் ஒரே சிற்றூர் கதவு திறந்தது என்பது நம் வாசகர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

ஆசிரியர் கலாசாலையில் எமக்குப் படிப்பித்த பாடங்களுள் 'பரம்பரையும் சூழலும்' ஒன்று. பரீட்சைக்காக மனனம் செய்த அத்தலைப்பின் பொருள் இத்தகைய வாழ்வுகளைப் படிக்கும்போதே எனக்கு விளங்குகிறது. தந்தை, ஊர், குரு, கடல்வழி, விடிய விடிய இருந்து கேட்ட ரசிகர்கள் ஆகிய இத்தனையும் கூடித்தான் ஒரு தெட்சணாமூர்த்தி உருவானார். அவர் 1975இல், நாற்பதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே மறைந்தார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றது. மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் ஒலி தேடப்பட்டது.

சூழல்தான் கலைஞனை ஆக்குகிறது என்றால், சூழல் கலைந்தால் என்னவாகும்? 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் இணுவிலும் அளவெட்டியும் அடங்கிய வலிகாமமே இடம்பெயர்ந்தது; அவர்களுட் பலர் வன்னிக்கு வந்தனர். 2009இல் முடிந்த யுத்தத்தில் எங்கள் ஒட்டுசுட்டானும் வெறிச்சோடியது. வீடும் வயலும் இழந்த கணக்கைப் பலர் எழுதிவிட்டனர். பிள்ளைகளின் காது இழந்ததை எவரும் எழுதவில்லை. அயலில் ஒலித்த தவிலோ, றபானோ, பறையோ ஒரு தலைமுறைக் காலம் கேளாது போனால், அத்தலைமுறையின் கைக்கு எதுவும் வந்து சேராது.

பிறவி மேதை என்று சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பொறுப்பும் இல்லை. மேதை பிறக்கும்வரை காத்திருக்கலாம். சூழல் என்று ஏற்றுக்கொண்டால் பொறுப்பு நம்முடையதாகிறது. தான்தோன்றீஸ்வரர் ஆலயத் திருவிழாவுக்கு வரும் தவில்காரரை ஒரு காலைப்பொழுது பாடசாலைக்கு அழைத்து வரலாம். றபான் அடித்துப் பைத் பாடும் பக்கீர் பாவா ஒருவரை வரவழைத்து அவர் பக்கத்தில் அமர்த்தலாம். இருவருக்கும் ஒரு பிளேன்ரீயும் ஒரு மணித்தியாலமும் போதும். வகுப்பில் மேசையைத் தட்டும் பையனை அடக்குவதற்கு முன்னர், எத்தனை எண்ணித் தட்டுகிறாய் தம்பி என்று கேட்டுப் பார்க்கலாம். அவன் சரியாக எண்ணியிருக்கவும் கூடும்.