குழாய்வழி உணவூட்டல்: கவனிக்க வேண்டிய சிக்கல்கள்

கொல்கத்தா: மூளை முடக்குவாதம் போன்ற கடும் குறைபாடுகளால் விழுங்க இயலாதோருக்கு மூக்கு வழியாகவோ, வயிற்றில் இடப்படும் துளை வழியாகவோ குழாய் மூலம் உணவு செலுத்தப்படுகிறது. கொல்கத்தாவில் 1974-ஆம் ஆண்டு முதல் இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் இத்தகைய குறைபாடு உடையோருக்காகச் செயல்பட்டு வருகிறது.

நுரையீரல் பாதிப்பு: இரைப்பையிலிருந்து மேலேறும் உணவு மூச்சுக்குழாயில் நுழைந்தால் நிமோனியா ஏற்படும். உமிழ்நீரும் புரையேறக்கூடும் என்பதால், குழாய் பொருத்தியும் இந்த அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை. உணவூட்டும்போதும் அதன்பின் சுமார் ஒரு மணி நேரமும் தலைப்பகுதியை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்க வேண்டும்.

குழாய் இடம் மாறுதல்: மூக்குக் குழாய் நுரையீரலுக்குள் சென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே ஒவ்வொரு முறையும் அதன் நிலையைச் சரிபார்ப்பது அவசியம். ஐயம் எழுந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பிற சிக்கல்கள்: குழாய் அடைப்பு, துளையைச் சுற்றித் தொற்று, வயிற்றுப்போக்கு. உணவுக்கும் மருந்துக்கும் பின் நீர் செலுத்தினால் அடைப்பைத் தவிர்க்கலாம். வயிற்றுக் குழாய் கழன்றால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். உடனே மருத்துவமனையை அணுக வேண்டும்.

பேச இயலாதோர் வலியைச் சொல்ல முடியாது. இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், முகச்சுளிப்பு ஆகியவற்றைப் பராமரிப்போர் எச்சரிக்கையாகக் கருத வேண்டும்.