எடைக்குப் போகாத டிராக்டர்

சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் தாத்தா வாங்கிய டிராக்டரைப் பேரன் எடைக்குப் போடாமல், எஞ்சினை இறக்கி வேலை பார்த்து மறுபடி ஓட்டுவதுண்டு. கேட்பவர்கள் அதைக் குடும்பப் பாசம் என்பார்கள். பாசமும் இருக்கலாம். ஆனால் இங்கே பழைய வண்டிக்கு உயிர் கொடுப்பது கணக்குப் பார்த்த முடிவு. அந்தக் கணக்கு இந்த மண்ணின் வரலாற்றிலிருந்து வருகிறது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் பெய்வது ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. மானாவாரிக்காரர் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையை. கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் கலப்பையில் அப்பிக்கொண்டு விடாது. நடுவே உழவுக்கும் விதைப்புக்கும் பதம் நிற்பது சில நாட்கள்தான். அந்த நாட்களை விட்டால் பருத்தியானாலும் மக்காச்சோளமானாலும் விளைச்சலில் அடி விழும். முன்பு அந்த அவசரத்தைத் தாங்கியது வீட்டு மாடு. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு சிவகாசியைச் சுற்றித் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று கூலி வேலை பெருகியது. வானம் பார்த்த பூமிக்காரருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் காலையில் ஆலைக்குப் போகும் வீட்டில் உழவுமாடு வைத்துக் காப்பது கஷ்டம். உழவு சில நாள்தான், தீவனமோ வருஷம் முழுக்க வேண்டும். கொட்டகையில் தீனி கேட்காமல் நிற்கிற டிராக்டருக்கு இந்த ஊர்களில் இடம் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். வருஷத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கப்போகிற வண்டிக்காகப் புதுக் கடன் வாங்கித் தவணை கட்டுவதைவிட, இருப்பதைச் சரிசெய்வது மலிவு.

மலிவாக இருப்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. இந்தியாவிலேயே டிராக்டர் செய்யும் முயற்சியில் 1959-இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர் உருவானது. அடுத்த ஆண்டு அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் சென்னையில் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கி, மாஸி ஃபெர்குசனுடன் கைகோத்தது. எஞ்சின் வந்தது அதே குழுமத்தின் சிம்சனிடமிருந்து. 1840-இல் மதராஸில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1950-களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைச் செய்யக் கற்றிருந்தது. இங்கிலாந்தின் மாஸி 35-இன் வழியில் வந்த டாஃபேயின் 1035 மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வடிவம் அதிகம் மாறாததால் பிஸ்டன், ரிங், லைனர், கேஸ்கெட் எல்லாம் மதுரைக் கடைகளில் தேடினால் கிடைக்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் வடிவத்தைக் கொண்டு 1971-இல் பிஞ்சோரில் தொடங்கிய எச்.எம்.டி. டிராக்டர் நல்ல உழைப்பாளி. ஆனால் 2016-இல் அந்த ஆலையை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. எச்.எம்.டி.க்கு வாரிசானவரும் பாசக்காரர்தான், ஆனால் அவருக்குச் சாமான் தேடியே கால் தேய்கிறது.

பல வருஷம் நின்ற வண்டியில் பெரும்பாலும் ரிங் லைனரோடு துருப்பிடித்து எஞ்சின் ஜாம் ஆகியிருக்கும். அவசரப்பட்டு இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்தால் ரிங் உடையும், ராடு வளையும். தெரிந்த மெக்கானிக் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியே டீசலை ஊற்றி ஊறவிடுவார். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். டேங்கில் கோந்தாகிப்போன டீசலை வடித்து, ஃபில்டர் மாற்றி, பம்பைக் கடைக்கு அனுப்பி, கடைசியில் ஃபில்டர், பம்ப், நாசில் என்ற வரிசையில் ஏர் எடுப்பார். இதில் கம்ப்யூட்டர் எதுவும் குறுக்கே வருவதில்லை. சிவகாசி அச்சகங்களுக்கு வந்த பழைய மெஷின்களுக்குத் தேய்ந்த பாகம் கடைந்து பழகிய லேத் பட்டறைக்கு டிராக்டரின் ஷாஃப்டும் புஷ்ஷும் புதிதல்ல.

வாடகைக்கு எடுத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. வேளாண்மைப் பொறியியல் துறையே மணிக்கணக்கில் டிராக்டர் தருகிறது. நஞ்சைக்காரருக்கு அது பொருந்தலாம், ஏனென்றால் கண்மாய்த் தண்ணீர் உழவைச் சில நாள் தள்ளிப்போட இடம் கொடுக்கும். கரிசலில் மழை விட்டதும் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். வரிசையில் ஐந்தாவதாக நிற்பவருக்கு முறை வரும்போது பதம் போயிருக்கும்.

புகையும் ஆபத்தும் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. நாசில் சரியில்லாத எஞ்சின் கரும்புகை கக்கும். அதைச் சரிபார்க்காமல் ஓட்டுவதை ஏற்க முடியாது. பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் கம்பிச் சட்டம் கிடையாது. பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டின் மூடி எப்போதோ தொலைந்திருக்கும். வேட்டி நுனி மாட்டினால் ஆளையே சுருட்டிவிடும். எனவே எஞ்சின் கிளம்பியதும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. பிரேக், ஸ்டியரிங், ஷாஃப்ட் மூடி மூன்றும் சரியான பிறகே ஒன்பது கொழுக் கலப்பையை மாட்ட வேண்டும். டிரெய்லரில் ஆள் ஏற்றும் வேலைக்கு இந்த வண்டி வேண்டாம். பிளாக்கில் விரிசல் கண்டாலோ, கியர்ப் பெட்டி உடைந்திருந்தாலோ கணக்கு மாறிவிடும். அந்த வண்டியைப் பிரித்து, அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்குச் சாமானாகக் கொடுத்துவிடுவதே சரி.